நாட்றம்பள்ளிக்குப் பூச்சி பார்க்கப் போனோம்

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஆம்பூர் பேருந்து நிலையத்தில் வந்து நின்றவர்கள் மூன்று பேர்: நான், சார்லஸ், வெண்ணிலா. வராதவர் ஜெயந்தி மேடம். குடியாத்தத்தில் அவருடைய அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். எனக்கும் வெண்ணிலாவுக்கும் கல்லூரியில் விலங்கியல் எடுத்தவர் அவர். எங்கள் நால்வர் குழுவில் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி முழுக்கத் தெரிந்தவரும் அவர் ஒருவர்தான். எந்த ஊருக்குப் போவதானாலும் நிலத்துக்காரரிடம் முன்கூட்டியே பேசி, நாங்கள் யார், எதற்கு வருகிறோம் என்று விளக்கி அனுமதி வாங்குவதும் அவரே. இந்த முறை அந்தப் போன் பேச்சைச் சார்லஸ் பார்த்துக்கொண்டான்.

கிருஷ்ணகிரி போகும் பேருந்தில் ஏறினோம். நாட்றம்பள்ளிக்கு ஆளுக்கு இருபத்தெட்டு ரூபாய். பிரியாணிக் கடைகள் இன்னும் திறக்கவில்லை. கழுவிக் கவிழ்த்த தேக்சாக்கள் மட்டும் வாசலில் வரிசையாகக் கிடந்தன. ஊர் தாண்டும்வரை தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை கூடவே வந்தது. வெளியூர்க்காரர்கள் இந்த இடத்தில் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அந்த வாடை எனக்குச் சோறு போட்டது. அப்பா தோல் ஷாப்பில் இருபது வருஷம் ஊறல் தொட்டியில் நின்றவர், அம்மா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்து அதற்கு மேலும் படித்தவன் நான்தான். விலங்கியல் பட்டம் வாங்கிக்கொண்டு அதே கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். சார்லஸ் கட்டிங் பிரிவு. வெண்ணிலா வாணியம்பாடியில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர்.

எதற்காக நாட்றம்பள்ளி என்று சொல்லிவிடுகிறேன். வண்ணத்துப்பூச்சியைப் பார்த்தவர்கள் படம், இடம், நேரம், அது உட்கார்ந்திருந்த செடி ஆகியவற்றைப் பதிந்து வைக்கும் இணையப் பதிவேடு ஒன்று உண்டு. அதன் வரைபடத்தைத் திறந்தால் ஏலகிரி மலைமேல் புள்ளி புள்ளியாக இருக்கும். ஜவ்வாது மலையிலும் அப்படியே. இடையில் இருக்கிற நிலமெல்லாம் வெறிச்சென்று கிடக்கும். கேமரா வைத்திருப்பவர்கள் மலைக்குத்தான் போகிறார்கள். அவரைக்கொல்லைக்கும் கேழ்வரகுக் காட்டுக்கும் யாரும் போவதில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டும் என்பது ஜெயந்தி மேடத்தின் ஆசை. அது எங்களுக்கும் தொற்றிக்கொண்டது.

அதிலும் இந்தப் பயணத்துக்கு ஒரு தனி அவசரம் இருந்தது. மழைக்காலத்தில் நீலவேங்கை என்ற வண்ணத்துப்பூச்சி கூட்டம் கூட்டமாக மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டுச் சமவெளியைக் கடந்து கிழக்கே போகும். கறுப்பு இறக்கையில் வெளிர்நீலக் கோடும் புள்ளியும் போட்டிருக்கும். விரித்தால் உள்ளங்கை அகலம். எங்கள் பக்கத்தில் அவை எங்கே தங்கிப் போகின்றன என்று பதிவே இல்லை. சார்லஸின் பிரிவில் வேலை செய்யும் பிரபு, தன் அப்பா முனிரத்தினத்தின் நிலத்தில் எடுத்த வீடியோ ஒன்றைக் காட்டியிருந்தான். உரத்துக்காக விதைத்த சணப்பை. மடக்கி உழ வேண்டிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டதால், முற்றிப்போய்ப் பாதி காய்ந்து சாய்ந்து நின்றது. அந்தச் செடிகள்மேல் நீலமாக ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. காய்ந்த சணப்பையில் இருக்கும் ஒரு சாற்றை இந்த இனத்து ஆண்கள் தேடித் தேடி உறிஞ்சும். திங்கட்கிழமை டிராக்டர் வருகிறது என்றான் பிரபு. ஆம்பூரிலேயே ரூம் எடுத்துத் தங்கியிருந்த அவனுக்கு ஞாயிறும் ஓவர்டைம், எங்களோடு வர முடியாது. ஆக, எங்களுக்கு இருந்தது ஞாயிறு ஒரு நாள்தான்.

ஆறரை மணிக்கு நாட்றம்பள்ளியில் இறங்கி டீ குடித்தோம். அங்கிருந்து பிரபுவின் ஊரான குள்ளப்பன் வட்டம் ஆறு கிலோமீட்டர். இந்தப் பக்கத்தில் சிற்றூர்களுக்கெல்லாம் ‘வட்டம்’ என்றுதான் பெயர். ஷேர் ஆட்டோவில் தலைக்கு இருபது ரூபாய். தார்ச்சாலையின் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, மாந்தோப்பு, நடுநடுவே பால் பிடித்த கேழ்வரகு. கிழக்கே ஏலகிரி நீளமாகப் படுத்திருந்தது. மலைக்குப் பின்னால் வெளிச்சம் வந்துவிட்டது, சூரியன் வரவில்லை.

ஆட்டோக்காரர் எங்கள் கேமராப் பையையும் தொலைநோக்கியையும் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி வந்தார். முனிரத்தினம் வீட்டுக்கு என்று சார்லஸ் சொன்னதுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

“பூச்சி ஆபீஸ்லேந்து வர்றவங்க நீங்கதானா? நேத்தே கடையில சொன்னாரு. நெலத்த சுத்தமா வெச்சிருக்காரு சார், ஒண்ணும் இருக்காது.”

சார்லஸுக்குச் சிரிப்பு. ஆபீசர் மாதிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். எனக்கு அந்த ‘ஒண்ணும் இருக்காது’ மட்டும் உறுத்தியது. வெண்ணிலா அவன் பக்கம் திரும்பிப் போனில் என்னதான் சொன்னாய் என்று கேட்டாள். சொன்னதை அவன் அப்படியே ஒப்பித்தான்: ஞாயிற்றுக்கிழமை உங்க நெலத்துல பூச்சி பாக்க வர்றோம்ண்ணா, ஜாஸ்தியா கம்மியான்னு எண்ணி எழுதிக்கிட்டுப் போவோம்.

வெண்ணிலா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

சார்லஸைக் குறைசொல்லிப் பயனில்லை. எங்கள் கம்பெனியில் ‘பூச்சி பார்க்கிறது’ என்பது தினமும் புழங்கும் பேச்சு. மாடு உயிரோடு இருந்தபோது உண்ணியும் ஈயும் கடித்த தழும்பு, பதனிட்ட தோலிலும் புள்ளியாகத் தெரியும். கட்டிங்குக்கு முன் அந்த இடங்களைத் தேடிச் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். பூச்சி ஜாஸ்தியா கம்மியா என்பதை வைத்துத்தான் தோலின் தரம். நாளெல்லாம் அந்த வார்த்தையோடு இருப்பவன் வண்ணத்துப்பூச்சியையும் சுருக்கிப் பூச்சி என்று சொல்லிவிட்டான். போனை எடுத்தவரோ விவசாயி. அவரிடம் போய்ப் பூச்சி என்றால், அதற்கு ஒரே அர்த்தம்தான்.

ஆட்டோ நின்றபோது, தென்னைகளுக்கு அப்பாலிருந்து மோட்டார் சத்தம் கேட்டது. கூடவே மூக்கின் உள்ளே போய்க் குத்துகிற ஒரு நெடி. நெடி பழகிய மூக்கு எனக்கு. ஆனால் இது வேறு நெடி.

முனிரத்தினம் ஐம்பது வயதுக்காரர். விடியற்காலையிலேயே குளித்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையெடுத்துக் கும்பிட்டு எங்களுக்காக மூன்று நாற்காலி எடுத்துப் போட்டார். நீங்க ஒன்பது மணிக்குத்தான் வருவீங்கன்னு நெனச்சோம், அதுக்குள்ள முடிஞ்சிருக்கும் என்று வருத்தமாகச் சொன்னார். கிணற்றோரம் நீல டிரம்மில் மருந்து கலக்கி வைத்திருந்தது. அவரைக்கொல்லை முழுதும் இலை நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. அதை அடித்து முடித்துவிட்டு, முகத்தில் துண்டு சுற்றிய ஒருவர் முதுகில் டேங்கோடு வரப்பில் நடந்து சணப்பைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

நான் சணப்பையைப் பார்த்தேன். முதலில் எனக்கு எதுவும் தெரியவில்லை. காய்ந்த இலைகள் தொங்குகின்றன என்றுதான் நினைத்தேன். சணப்பையில் அவ்வளவு இலை ஏது என்று அடுத்துத் தோன்றியது. ஒரு தண்டில் பத்து, பன்னிரண்டு. இறக்கையை மூடி ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கின. அடுத்த தண்டிலும் அப்படியே. அரை ஏக்கர் சணப்பையும் அப்படியே. இறக்கைகளில் பனி முத்துப் பிடித்திருந்தது. வெயில் ஏறி உடம்பு சூடாகும்வரை வண்ணத்துப்பூச்சியால் பறக்க முடியாது. மருந்து வந்தால் அவற்றுக்குத் தப்பிக்கும் வழி கிடையாது.

வெண்ணிலா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். நானும் ஓடினேன். அந்த மனிதர் குழாயைத் தூக்கும் நேரத்தில் அவள் அவருக்கும் சணப்பைக்கும் நடுவில் போய் நின்றுவிட்டாள். அவர் மோட்டாரை அணைத்து, துண்டை இறக்கினார். ஏழுமலை என்பது அவர் பெயர். கூலிக்கு மருந்தடிப்பவர். மேடம் மேல மருந்து பட்டா எனக்குத்தான் பேஜாரு, தள்ளி நில்லுங்க என்று அமைதியாகச் சொன்னார்.

பின்னால் ஓடிவந்த முனிரத்தினத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பூச்சி ஆபீசர்கள் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது என்றால் அவர் என்னதான் நினைப்பார்?

“இன்னா சார் இது? அடிக்காதேன்றீங்க. அப்பறம் நெலமெல்லாம் பூச்சின்னு எழுதிக்கினு போய்டுவீங்க. செவ்வாக்கெழம அவரைக்கா வியாபாரி வர்றான். அவன் காதுல வுழுந்தா வெலய பாதியாக்கிடுவான். நான் இன்னா பண்றது?”

அவர் குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகம். அந்தப் பயத்தைக் கேட்ட பிறகுதான் எங்களுக்கு அவருடைய நிலைமை உறைத்தது. யாரோ படித்தவர்கள் வந்து அவருடைய நிலத்தைப் பற்றி ஏதோ எழுதப் போகிறார்கள். அதைத் தடுக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே: முந்திக்கொண்டு மருந்து வாங்கி, ஆள் பிடித்து, அடித்துவிடுவது. சணப்பைக்கு யாரும் மருந்தடிக்க மாட்டார்கள். பிரபு வீடியோ எடுத்தது அங்கேதான் என்பதால், ஆபீசர்கள் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள் என்று அதற்கும் சேர்த்து வாங்கியிருந்தார்.

நாங்கள் ஆபீஸ் எதிலும் இல்லை, சார்லஸ் உங்கள் பிரபுவோடு தோல் வெட்டுகிறவன், என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் நம்பவில்லை. வெண்ணிலா பேசாமல் ஒரு தண்டின் கீழ் விரலைக் கொடுத்தாள். குளிரில் விறைத்திருந்த ஒரு நீலவேங்கை அவள் விரலுக்கு மாறியது. அதைக் கொண்டுபோய் முனிரத்தினத்தின் மனைவி கோவிந்தம்மா முன்னால் நீட்டினாள். அந்த அம்மா கையில் டீத் தம்ளர்களோடு அப்போதுதான் வந்திருந்தார்.

“அக்கா, நாங்க எண்ண வந்தது இதத்தான். பட்டாம்பூச்சி.”

கோவிந்தம்மா அதைப் பார்த்தார், சார்லஸைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தம்ளரில் இருந்த டீ தளும்பிக் கையில் ஊற்றியும் சிரிப்பு நிற்கவில்லை.

“பட்டாம்பூச்சி எண்றதுக்கா ஆம்பூர்லேந்து பஸ் ஏறி வந்தீங்க? இத போன்ல சொல்றதுக்கு இன்னாப்பா உனக்கு? இந்த மனுஷன் ராத்திரியெல்லாம் தூங்கல.”

முனிரத்தினம் சிரிக்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து, ஒரு டீயை வாங்கிக் குடித்து முடித்தார். அதன் பிறகுதான் ‘சார்’ போய்த் ‘தம்பி’ வந்தது. அவர் முதலில் சொன்னது, மருந்து கலக்கியாச்சே தம்பி, என்பதுதான்.

அதற்குள் வெயில் ஏலகிரியின் முதுகைத் தாண்டிவிட்டது. டிரம்மை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் சணப்பை ஓரம் நின்றோம்.

முதலில் கிழக்கு ஓரத்துத் தண்டுகளில்தான் வெயில் பட்டது. அங்கே தொங்கியவை ஒவ்வொன்றாக இறக்கையை விரித்தன. பழுப்பாக இருந்த தண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்பும் நீலமுமாக மாறியது. வெயில் உள்ளே நகர நகர நீலமும் நகர்ந்தது. சில இறக்கைகள் நடுங்கின. குளிரில் நாம் கையைத் தேய்த்துக்கொள்வதுபோல அவை சூடேற்றிக்கொள்ளும் முறை அது. ஒன்று எழுந்தது. இடுப்பு உயரத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தது. பிறகு ஐந்தாறு. பிறகு என்ன நடந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சணப்பை முழுதும் ஒரே நேரத்தில் கிளம்பியதுபோல் இருந்தது. சத்தமே இல்லை. அவ்வளவு உயிர் ஒரே இடத்தில் அசையும்போது ஏதாவது சத்தம் வரும் என்று காது எதிர்பார்க்கிறது, வரவில்லை. எங்கள் சட்டையிலும் தலையிலும் உட்கார்ந்தன. ஏழுமலையின் டேங்க் பட்டையில் இரண்டு வந்து உட்கார, அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலைபோல் நின்றார்.

நாங்கள் எண்ணியது, பத்தடிக்குப் பத்தடி சதுரத்தில் எத்தனை என்று பார்த்து, அதை நிலத்தின் அளவுக்குப் பெருக்கிப் பார்க்கும் முறையில். மூன்று பேரும் மூன்று சதுரம் எண்ணி, மூன்று வேறு வேறு எண்ணிக்கை வந்து, சண்டை போட்டு, மறுபடி எண்ணினோம். பத்தாயிரத்துக்குக் கீழே போகவே முடியவில்லை. நடுவே வேலியோர எருக்கஞ்செடியில் வெந்தய வரியன், வீட்டோர எலுமிச்சையில் எலுமிச்சை அழகி, கிணற்றுச் சேற்றில் ரோசா அழகி என்று பதினேழு வகை பதிந்தோம். இதெல்லாம் மலையில்தான் என்று எவ்வளவு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு கிணறு, ஒரு எருக்கு, உழாமல் விட்ட அரை ஏக்கர். அவ்வளவு போதும் அவற்றுக்கு.

அவரைக்கொல்லையில் வேறு காட்சி. வெண்ணிலா ஒரு காயைப் பிளந்து உள்ளே செத்திருந்த பச்சைப் புழுவைக் காட்டினாள். இது வளர்ந்தால் பட்டாணி நீலன் என்ற சின்ன வண்ணத்துப்பூச்சி ஆகும் என்றாள். மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

“அப்ப நான் அடிச்சதும் பட்டாம்பூச்சியத்தானா?” என்றார் முனிரத்தினம்.

“ஆமாண்ணா. அதுவும்தான். உங்க காய அது திங்குது. அத அடிக்காதீங்கன்னு சொல்ல எனக்கு வாயில்ல.”

காய அரிக்கற கழுதைக்கு நீலன்னு பேரு வெச்சிருக்கீங்களே, என்றார் கோவிந்தம்மா. அவரை இலைகளின் அடியில் அதே நீலன்கள் சிலவும் செத்துக் கிடந்தன. அவற்றையும் படமெடுத்து, இறந்தவை என்று குறித்துப் பதிந்தோம். பார்த்ததைத்தான் பதிய வேண்டும்.

மிச்சம் இருந்தது அந்த நீல டிரம். கலக்கிய மருந்தை வைத்திருக்க முடியாது. கொட்டினால் கிணறும் ஆடும் என்ன ஆகும் என்ற கவலை. கோவிந்தம்மா தென்னைக்கு அந்தப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். பக்கத்து நிலத்துக்காரர் கத்திரிக்குப் புழு விழுந்து, இன்றோ நாளையோ மருந்தடிக்க இருந்தவர். ஓசி மருந்து என்றதும் அங்கிருந்தபடியே சரி என்றார். அடிகூலி மட்டும், ஏழுமலையை யார் கூப்பிட்டார்களோ அவர்கள்தான் கொடுக்க வேண்டும் என்றார். அதை முனிரத்தினம் ஒப்புக்கொள்ளவில்லை: நான் கூப்ட்டது சணப்பைக்கு, கத்திரிக்கு இல்ல. இரண்டு பேரும் தென்னைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று நியாயம் பேசினார்கள்.

ஏழுமலை எங்கள் பக்கம் திரும்பினார். “நான் வந்தது அடிக்கறதுக்கு. அடிக்காம குந்தினு இருந்ததுக்கு நான் ரேட்டு போடல. அஞ்சு டேங்கு அடிச்சா அஞ்சு டேங்குக்குக் குடுங்க. எந்தக் காட்ல அடிச்சா எனக்கு இன்னா?”

மருந்தை வாங்க வைத்தது எங்கள் போன். கூலிக்கு ஆள் கூப்பிட வைத்ததும் அதே போன். நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சார்லஸ்தான் முதலில் பாக்கெட்டில் கைவிட்டான். முனிரத்தினம் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லவில்லை. கோவிந்தம்மா சாப்பாட்டுக்கு மட்டும் எதுவும் வாங்க மறுத்து, கேழ்வரகுக் களியும் அவரைக்காய்க் குழம்பும் போட்டார். அந்த அவரைக்காய் போன வாரம் பறித்தது என்பதைப் பரிமாறுவதற்கு முன்பே சொல்லிவிட்டார். கத்திரிக்கு அடித்துவிட்டு வந்த ஏழுமலை, தன் டேங்கில் இரண்டு நீலவேங்கைகள் உட்கார்ந்திருக்கும் படத்தை அனுப்பச் சொல்லி நம்பர் கொடுத்தார்.

மாலை ஐந்து மணிக்கு நாட்றம்பள்ளியில் பேருந்து ஏறினோம். ஆம்பூர் நெருங்கியதும் வழக்கமான வாடை வந்தது. எங்கள் வீட்டுப் பின்னால் பாலாறு ஓடிய மணல். அதில் இப்போது முட்செடியும் தோல் துண்டுகளும்தான். அங்கே ஒரு எருக்கு நிற்கிறது. இத்தனை வருஷத்தில் அதன் அருகே போய் நான் குனிந்து பார்த்ததில்லை. ஊருக்குள் வந்ததும் வெட்கமாக இருந்தது, கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது.

திங்கட்கிழமை டிராக்டர் வந்ததாகப் பிரபு சொன்னான். அதற்குள் நீலவேங்கைகளில் பாதிக்கு மேல் தாமாகவே போய்விட்டன. மீதி, சத்தம் கேட்டு எழுந்து கிழக்கே போயின. கோவிந்தம்மா சணப்பையின் ஓரத்தில் ஒரு பாய் அகலத்துக்கு உழ விடவில்லையாம். எதற்கு என்று கேட்டதற்கு, பேசாம போடா என்றாராம். வியாபாரி செவ்வாய்க்கிழமை வந்தார். வழக்கமான விலைக்கே காயை எடுத்துக்கொண்டார்.

அந்தச் செவ்வாய் இரவு ஜெயந்தி மேடத்துக்கு எல்லாவற்றையும் சொன்னோம். வரைபடத்தில் ஏலகிரிக்கு மேற்கே, வெறிச்சென்றிருந்த இடத்தில் விழுந்த முதல் புள்ளியை அவர் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு குழுச் செலவுக் கணக்கை எடுத்தார். பஸ்ஸும் ஆட்டோவும் வழக்கம்போல அவரவர் கை. மற்றதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டார். உலகத்திலேயே பூச்சிமருந்துக்குப் பணம் கட்டிய வண்ணத்துப்பூச்சிக் குழு நாமாகத்தான் இருப்போம் என்று சார்லஸ் முனகினான். மேடம் சிரித்துக்கொண்டே தலைப்பு எதுவும் போடாமல் எழுதினார்: நாட்றம்பள்ளி, சணப்பையில் நீலவேங்கை, மருந்தும் ஐந்து டேங்க் கூலியும் சேர்த்து, எண்ணூற்று அறுபது ரூபாய்.